வேகமான ராம் போட்டால் நிஜத்தில் வேகம் கூடுமா, எண் மட்டும்தான் கூடுமா?

புதுப்பலகை:
வணக்கம் நண்பர்களே. ரைசன் 5 7600 வைத்திருக்கிறேன். ராம் டிடிஆர்5-5200 (5200 என்பது வேகம்), சிஎல்40 (கேட்ட தரவைத் தர ராம் எடுக்கும் சுற்றுகள்), 16 ஜிபி ஸ்டிக் இரண்டு. சிபியூவில் பிபிஓ (ஏஎம்டியின் ஓவர்க்ளாக் வசதி, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) போட்டு, வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரை முடிந்தவரை கீழே இறக்கி, கறக்க வேண்டியதைக் கறந்தாயிற்று. இனி மிச்சம் ராம்தான்.

6000 சிஎல்30 வாங்கலாமா, இல்லை 7200, 8000 என்று விற்கிறார்களே, அங்கேயே தாவிவிடலாமா? ராமின் வேகத்தை அளக்கும் ஐடா64 மென்பொருளின் படங்களைப் பார்த்தால் கை பரபரக்கிறது. ஆனால் ஐடா64 ஓட்டுவதற்காக யாரும் கணினி வாங்குவதில்லை. நான் செய்வது 1440பி-யில் கேம், அவ்வப்போது வீடியோ எடிட்டிங், தினமும் சி++ கம்பைல். இதில் ஒன்றிலாவது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா?

சும்மா வந்தவன்:
தெரியாது. அந்தப் பணத்தை ஜிபியூவில் போடுங்கள். இழையை மூடலாம்.

ஃப்ரேம் வேட்டை:
மூட வேண்டாம். ராம் பற்றி யார் வாயைத் திறந்தாலும் "ஜிபியூவில் போடு" என்று ஒரு பதில் தயாராக வந்து விழுகிறது. 4கே-யில் எல்லா செட்டிங்கையும் உச்சத்தில் வைத்து ஆடுகிறவருக்கு அது சரி. அங்கே ஜிபியூ மூச்சு முட்டிக்கொண்டிருக்கும், சிபியூ சும்மா காத்திருக்கும், ராம் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் 1440பி-யில் செட்டிங்கைக் குறைத்து, அதிக ரெஃப்ரெஷ் மானிட்டரில் ஷூட்டர் கேம் ஆடுகிறவருக்குத் தடை சிபியூ பக்கம் வந்துவிடும். அங்கே ராம் பேசும்.

இன்னொன்று, சராசரி எஃப்பிஎஸ்ஸை மட்டும் பார்க்காதீர்கள். 1% லோ என்ற எண்ணைப் பாருங்கள். ஆள் கூட்டமாக ஒரே இடத்தில் குவிந்து குண்டு வெடிக்கிற நேரத்தில் திரை ஒரு கணம் திக்குமே, அதுதான் அந்த எண்ணில் தெரியும். ராமை மாற்றியபோது என் கணினியில் சராசரி பெரிதாக அசையவில்லை, திக்கல் குறைந்தது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

பழைய சிலிக்கான்:
தம்பி புதுப்பலகை, "சிபியூவை ஓவர்க்ளாக் செய்தால் வேகமான ராம் வேண்டும்" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

எஃப்எஸ்பி (சிபியூவையும் சிப்செட்டையும் இணைத்த பாதை) காலத்தில் அது கட்டாயம். கோர் 2 டியோ இ6300-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்எஸ்பி அடிப்படைக் க்ளாக் 266 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 7, ஆக 1.86 கிகாஹெர்ட்ஸ். பெருக்கியை மேலே ஏற்ற முடியாது. எனவே எஃப்எஸ்பியைத்தான் ஏற்ற வேண்டும். 400-க்கு ஏற்றினால் சிபியூ 2.8 கிகாஹெர்ட்ஸ் போகும். ஆனால் 1:1 விகிதத்தில் ராமும் கூடவே 400-க்கு இழுபடும், அதாவது டிடிஆர்2-800. ராம் அவ்வளவு தாங்காவிட்டால் சிபியூவில் எவ்வளவு தெம்பு இருந்தாலும் அங்கேயே நின்றுவிடும். அப்போது வேகமான ராம் வாங்கியது ராமின் வேகத்துக்காக இல்லை, சிபியூவுக்கு வழி விடுவதற்காக. 1:1-ஐத் தாண்டி ராமை மட்டும் தனியாக ஏற்றியபோது பெரும்பாலும் கிடைத்தது சொற்பம். சிபியூவுக்கும் சிப்செட்டுக்கும் நடுவே இருந்த எஃப்எஸ்பியே இடுக்காக இருந்ததுதான் காரணம்.

அப்புறம் ஏஎம்டி 2003-இல் அத்லான் 64-இல் மெமரி கன்ட்ரோலரை சிபியூவுக்குள்ளேயே கொண்டுவந்தது. இன்டெல் 2008-இல் நெஹாலமில் கொண்டுவந்தது. 2011-இல் சாண்டி பிரிட்ஜ் வந்தபோது அடிப்படைக் க்ளாக் கிட்டத்தட்ட 100-இலேயே பூட்டப்பட்டது, கே என்று முடியும் சிப்களுக்குப் பெருக்கி திறந்துவிடப்பட்டது. அன்றிலிருந்து சிபியூ ஏற்றத்துக்கு ராம் தடையில்லை. இரண்டும் தனித்தனி வேலை. ஆனால் பழைய பேச்சு மட்டும் இன்னும் போகவில்லை.

புதுப்பலகை:
அருமை அண்ணா, இது எனக்குத் தெரியாது. அப்படியென்றால் இப்போது ராமை ஏற்றுவது வெறும் ஆசைக்குத்தானா?

நானோவினாடி:
இல்லை. அவர் சொன்னது சரி, ஆனால் பாதிதான். இப்போது ராம் சிபியூவின் ஓவர்க்ளாக்கைத் தடுப்பதில்லை. ஆனால் சிபியூவை ஏற்ற ஏற்ற, ராமுக்காகக் காத்திருக்கும் நேரம் விகிதத்தில் பெரிதாகிக்கொண்டே போகும்.

உங்கள் சிப் ராமிடம் ஒன்றைக் கேட்டு அது கைக்கு வர, ஏஎம்5 சாக்கெட்டில் சுமாராக 70 நானோவினாடி என்று வைத்துக்கொள்வோம். 4 கிகாஹெர்ட்ஸில் அது 280 சுற்று. 5 கிகாஹெர்ட்ஸில் 350 சுற்று. ராம் அதே ராம்தான், சிபியூ மட்டும் கூடுதல் சுற்றுகளைச் சும்மா இருந்து கழிக்கிறது. ஒரு வேலை 100 வினாடி எடுக்கிறது, அதில் 70 கணக்குப் போட, 30 ராமுக்காகக் காத்திருக்க என்று எடுத்துக்கொண்டால், சிபியூவை 10% ஏற்றும்போது 70 மட்டும்தான் 63.6 ஆகும். மொத்தம் 93.6. அந்த 30 அப்படியே இருக்கும். ராம் காத்திருப்பையும் 10% குறைத்தால் 90.6. இதே வேலையில் காத்திருப்பு 30-க்குப் பதில் 3 வினாடியாக இருந்தால் ராமைத் தொடவே வேண்டாம். ஆக, கேள்வி "வேகமான ராம் உதவுமா" என்பதில்லை. உங்கள் வேலையில் அந்த 30 எவ்வளவு என்பதுதான்.

இப்போது பெட்டியில் போட்டிருக்கும் எண்களுக்கு வருவோம். சிஎல்லை 2000-ஆல் பெருக்கி, ராமின் வேகத்தால் வகுத்தால் நானோவினாடி கிடைக்கும்.

5200 சிஎல்40: 15.4
6000 சிஎல்36: 12
6000 சிஎல்30: 10
7200 சிஎல்34: 9.4
8000 சிஎல்38: 9.5

பழைய டிடிஆர்4-3200 சிஎல்16-உம் இதே 10தான், பார்த்துக்கொள்ளுங்கள். 6000-இலிருந்து 8000-க்குத் தாவினால் கிடைப்பது அரை நானோவினாடி. 70-இல் அரை.

சும்மா வந்தவன்:
அப்போ நான் சொன்னது சரிதானே?

நானோவினாடி:
தாவுவது வீண் என்பது மட்டும் சரி. அவரிடம் இப்போது இருப்பது 5200 சிஎல்40, அதை மறந்துவிட்டீர்கள். அங்கிருந்து 6000 சிஎல்30-க்கு வந்தால் சிஎல்லில் மட்டும் 5.4 நானோவினாடி மிச்சம். அது மட்டுமில்லை. ராமுக்குள் வேண்டிய ரோ (தரவு இருக்கும் வரிசை) ஏற்கெனவே திறந்திருந்தால்தான் சிஎல் மட்டும் போதும். வேறு ரோ திறந்திருந்தால் அதை மூடி, புதியதைத் திறந்து, அப்புறம்தான் சிஎல். 40-40-40 ஸ்டிக்கில் அது 120 சுற்று, 2600 மெகாஹெர்ட்ஸில் 46 நானோவினாடி. 30-36-36 ஸ்டிக்கில் 102 சுற்று, 3000 மெகாஹெர்ட்ஸில் 34 நானோவினாடி. 12 நானோவினாடி வித்தியாசம். 70, 80-இல் 12 என்பது சில்லறை இல்லை. கேம்களும் கம்பைலரும் நினைவகத்தில் இங்கும் அங்கும் தாவுகிற ரகம். அவற்றுக்கு இந்த 12-தான் முக்கியம்.

அதே சமயம், சிஎல்30-ஐ சிஎல்28 ஆக்க ஒருவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்தால் அவருக்குக் கிடைப்பது 0.67 நானோவினாடி. அதை விளையாட்டாகச் செய்யலாம், பயனுக்காகச் செய்யக் கூடாது.

கடைசி பெஞ்ச்:
இடையில் ஒரு சந்தேகம். என்னுடையதும் 5200தான், ஆனால் சிபியூ-இசட்டில் 2600 என்று காட்டுகிறது. கடையில் ஏமாற்றிவிட்டார்களா?

பழைய சிலிக்கான்:
இல்லை. டிடிஆர் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை தரவு போகும். க்ளாக் 2600 மெகாஹெர்ட்ஸ், பரிமாற்றம் 5200. சரியாகத்தான் ஓடுகிறது. அந்தப் பக்கத்திலேயே டூயல் சேனல் காட்டுகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். டிடிஆர்5-இல் ஒரு ஸ்டிக்கே இரண்டு 32 பிட் துணைச் சேனலாகப் பிரிந்திருப்பதால், சில மென்பொருள்கள் இரண்டு ஸ்டிக்கை நான்கு சேனல் என்று காட்டும், பதற வேண்டாம்.

கியர் ரெண்டு:
நான் இன்டெல் பக்கம். 8000-ஐ இப்படி ஒரே அடியாக வீண் என்று தள்ளாதீர்கள். டிடிஆர்5-6000 இரண்டு சேனலில் 96 ஜிபி ஒரு வினாடிக்கு, 8000-இல் 128. மூன்றில் ஒரு பங்கு கூடுதல். லேட்டன்சியை (காத்திருப்பு நேரம்) மட்டும் பிடித்துக்கொண்டு பேண்ட்விட்த்தை (வினாடிக்குப் போகும் தரவின் அளவு) விட்டுவிட்டீர்களே?

நானோவினாடி:
விடவில்லை. உங்கள் 13, 14-ஆம் தலைமுறைச் சிப்பில் அந்த 128-இல் பெரும்பகுதி கோர்கள் வரை போய்ச் சேரும். கேட்டவர் வைத்திருப்பது 7600. அதில் கோர்கள் ஒரு சிப்லெட்டில் (சிபியூவுக்குள் இருக்கும் தனித் துண்டு), மெமரி கன்ட்ரோலர் வேறு சிப்லெட்டில். நடுவே இரண்டையும் இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக். படிக்கும்போது ஒரு சுற்றுக்கு 32 பைட், எழுதும்போது 16 பைட். அந்த ஃபேப்ரிக்கின் எஃப்-க்ளாக் 2000 மெகாஹெர்ட்ஸ் என்றால் படிக்க 64 ஜிபி, எழுத 32 ஜிபி. அவ்வளவுதான் உச்சம். அவருடைய இப்போதைய 5200 ராமே காகிதத்தில் 83 ஜிபி தருகிறது. எட்டு வழிச் சாலை போட்டாலும் சுங்கச் சாவடியில் திறந்திருப்பது ஒரே வாசல்.

அதனால் ஒரே ஒரு கோர் சிப்லெட் உள்ள 7600, 7700, 7800எக்ஸ்3டி மாதிரிச் சிப்களில், கோர்களைப் பொறுத்தவரை ராமின் வேகத்தால் பேண்ட்விட்த் கூடாது. குறைவது லேட்டன்சி மட்டும். இரண்டு சிப்லெட் உள்ள 7950எக்ஸில் கதை வேறு, அங்கே வாசல் இரண்டு.

இன்னொரு கொக்கி. 6000 வரைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் 6400 வரைக்கும், கன்ட்ரோலரின் யூ-க்ளாக் ராமின் க்ளாக்கோடு 1:1-இல் ஓடும். அதைத் தாண்டினால் பாதிக்கு இறங்க வேண்டியிருக்கும். 6000-இல் கன்ட்ரோலர் 3000 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, 8000-இல் 2000 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ராமில் சம்பாதித்ததைக் கன்ட்ரோலரில் தொலைக்கிறோம். 7200 இன்னும் மோசம், கன்ட்ரோலர் 1800-இல் நிற்கும். புதுப்பலகை, உங்கள் கேள்விக்கு நேர் பதில் இது: 7200 வாங்கினால் 6000-ஐவிடப் பின்தங்க வாய்ப்பு அதிகம்.

கியர் ரெண்டு:
சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இழையின் தலைப்பில் "7600-க்கு" என்று இல்லையே. இன்டெலில் வந்து படிக்கிறவர் 6000-க்கு மேல் போகக் கூடாது என்று நினைத்துவிடுவார். டிடிஆர்5 எங்களிடம் எப்படியும் கியர் 2-இல்தான் ஓடுகிறது, அதாவது கன்ட்ரோலர் ராமின் பாதி க்ளாக்கில். அதனால் 6000-இலும் பாதி, 7200-இலும் பாதி. நடுவில் பள்ளம் கிடையாது. நல்ல மதர்போர்டு இருந்தால் ஏற ஏறப் பலன் கிடைக்கும். தடை போர்டும் சிப்பின் கன்ட்ரோலரும்தான்.

நள்ளிரவு கம்பைலர்:
இவ்வளவு நேரம் கேம் பற்றியே ஓடுகிறது. கம்பைல் பற்றிக் கேட்டிருக்கிறார், அதற்கு வருகிறேன்.

கம்பைலில் லாபம் இருக்கிறது, ஆனால் அடக்கமான லாபம். எல்லாக் கோரும் ஓடும்போது சிபியூவுக்குள்ளேயே இருக்கும் குட்டி நினைவகமான 32 எம்பி எல்3 கேச்சை எல்லாரும் பங்கு போடுகிறார்கள், அதனால் ராமுக்கு அடிக்கடி ஓட வேண்டியிருக்கும். சினிபெஞ்ச் மாதிரி ரெண்டரிங்கில் ராமை மாற்றினால் ஏறக்குறைய எதுவும் தெரியாது, தரவு கேச்சுக்குள் அடங்கிவிடுகிறது. 7-ஜிப்பில் சுருக்கும்போது நன்றாகவே தெரியும், பெரிய அகராதியில் தாவித்தாவித் தேடுவதுதான் அதன் வேலை. வீடியோ எடிட்டிங்கில் எக்ஸ்போர்ட்டை ஜிபியூவின் என்கோடர் பார்த்துக்கொண்டால் ராம் ஒரு பொருட்டே இல்லை. அங்கே வேகத்தைவிடக் கொள்ளளவு முக்கியம். 32 ஜிபி நிரம்பி டிஸ்க்குக்கு வழிந்தால் 8000 ராமும் ஒன்றும் செய்யாது.

நான் பார்த்ததில் ராமின் வேகம் அப்பட்டமாகத் தெரிகிற இடம் வேறு. சாட்ஜிபிடி ரகச் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியை (லாங்குவேஜ் மாடல்) சிபியூவில் ஓட்டுவது. எழுதும் ஒவ்வொரு டோக்கனுக்கும் (சொல் அல்லது சொல்லின் துண்டு) மாதிரியின் எடைகள் முழுவதையும் ராமிலிருந்து படித்தாக வேண்டும். 8 ஜிபி மாதிரி, 96 ஜிபி பேண்ட்விட்த் என்றால் வினாடிக்கு 12 டோக்கன்தான் வானம். 48-க்கு, அதாவது ஒரே ஸ்டிக்குக்கு, 6. நானோவினாடி சொன்ன 64 ஜிபி வாசல் உள்ள சிப்பில் 8. எத்தனை கோர் இருக்கிறது, எவ்வளவு ஓவர்க்ளாக் செய்தோம் என்பதெல்லாம் எடுபடாது. சிபியூவை 200 மெகாஹெர்ட்ஸ் ஏற்றிவிட்டு டோக்கன் ஏன் கூடவில்லை என்று கேட்டுக்கொண்டு பலர் வருகிறார்கள்.

திரைக்கதிர்:
உள்ளமைந்த ஜிபியூ வைத்திருப்பவர்களை விட்டுவிட்டீர்கள். 5600ஜி, 8700ஜி மாதிரிச் சிப்களில் தனி வீடியோ மெமரி கிடையாது, ராம்தான் எல்லாம். அங்கே ராமின் வேகம் கூடினால் எஃப்பிஎஸ் கூடவே ஏறும், பெஞ்ச்மார்க் தேவையில்லை, கண்ணாலேயே தெரியும். ஒரே ஸ்டிக் போட்டு "இந்தச் சிப் மோசம்" என்று திட்டுகிறவர்கள் இன்னொரு ஸ்டிக்கைப் போட்டுவிட்டுத் திட்டலாம்.

எக்ஸ்3டி பக்தன்:
எதிர்ப் பக்கத்தில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் எக்ஸ்3டி சிப்பில் 96 எம்பி எல்3 கேச் இருக்கிறது. மலிவான ராமைப் போட்டு நிம்மதியாக இருக்கிறேன். ஃபாக்டோரியோ கேமில் பெரிய தொழிற்சாலை ஓட்டும்போதுகூட.

ஃப்ரேம் வேட்டை:
ஃபாக்டோரியோ நல்ல உதாரணம், ஆனால் நீங்கள் நினைக்கிற பக்கம் இல்லை. தொழிற்சாலை 96 எம்பிக்குள் இருக்கிற வரைதான் பறக்கும். அதைத் தாண்டி வளர்ந்துவிட்டால் எக்ஸ்3டியும் ராமைத்தான் தேடிப் போக வேண்டும். அப்போது மற்ற சிப்களோடு உள்ள இடைவெளி சுருங்கிவிடும். கேச் ராமின் தேவையைத் தள்ளிப்போடுகிறது, ஒழிப்பதில்லை.

எக்ஸ்3டி பக்தன்:
தள்ளிப்போட்டால் போதும், அதற்குள் அடுத்த சிப் வந்துவிடும்.

மட்டுறுத்துநர்:
ஏஎம்டியா இன்டெலா என்று திரும்பிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.

புதுப்பலகை:
நன்றி அண்ணன்மார்களே. 6000 சிஎல்30 என்று முடிவு செய்துவிட்டேன். எக்ஸ்போ (ராமை விளம்பர வேகத்தில் ஓட வைக்கும் பயாஸ் அமைப்பு) போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடலாமா, இல்லை இன்னும் கறக்க ஏதாவது இருக்கிறதா?

நானோவினாடி:
இருக்கிறது, சொல்லப்போனால் சுவையான பகுதியே அங்கேதான். எக்ஸ்போவும் அதன் இன்டெல் வடிவமான எக்ஸ்எம்பியும் சிஎல் மாதிரி முதன்மை டைமிங்குகளை இறுக்கமாக வைக்கும். துணை டைமிங்குகள் பல நேரம் தளர்வாகவே கிடக்கும், எல்லா போர்டிலும் ஓட வேண்டுமே என்ற பயம். பெட்டியில் விளம்பரம் செய்வது சிஎல்லைத்தான், பலன் ஒளிந்திருப்பது டி-ரெஃபியிலும் டி-ஆர்எஃப்சியிலும்.

டிராமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி கெப்பாசிட்டரில் இருக்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும், எனவே அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கிற நேரத்தில் ராம் வேறு வேலை செய்யாது. டிடிஆர்5 தரத்தின்படி 3.9 மைக்ரோவினாடிக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அது டி-ரெஃபி. 16 கிகாபிட் சிப்பில் ஒவ்வொரு முறையும் 295 நானோவினாடி போகும், அது டி-ஆர்எஃப்சி. 3900-இல் 295 என்றால் ஏழரை சதவீத நேரம் கடை அடைப்பு. 6000 ராமில் 3.9 மைக்ரோவினாடி என்பது 11,700 சுற்று. அதை 50,000 ஆக்கினால் இடைவெளி 16.7 மைக்ரோவினாடி, கடை அடைப்பு 1.8 சதவீதம். ஒரே ஒரு எண்ணை மாற்றியதில். சிஎல்லை ஒன்றிரண்டு குறைக்கப் படும் பாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் சூடு ஏற ஏறக் கசிவும் வேகமாகும். அதனால்தான் 85 டிகிரியைத் தாண்டினால் இரட்டிப்பாகப் புதுப்பிக்க வேண்டும் என்று தரமே சொல்கிறது. டி-ரெஃபியை நீட்டினால் அந்த எல்லை இன்னும் கீழே வரும். ஸ்டிக்கின் வெப்பத்தை ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

நள்ளிரவு கம்பைலர்:
இந்த இடத்தில் பிரேக் போடுகிறேன். தம்பி தினமும் கோட் எழுதுகிறவர். அவருக்கு நாலு எஃப்பிஎஸ்ஸைவிடப் பிழையில்லாத ராம் முக்கியம்.

சிபியூ ஓவர்க்ளாக் அதிகமானால் கணினி பெரும்பாலும் முகத்துக்கு நேராக விழும், நீலத்திரை வரும், தெரிந்துவிடும். ராம் அப்படி இல்லை. ஒரு பிட் புரளும், எதுவும் நடக்காத மாதிரி இருக்கும், அந்தப் பிட் டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடும். ஒருவர் தன் கணினியைப் பார்க்கச் சொன்னார். கேம் எல்லாம் மணிக்கணக்கில் ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை. பேக்கப் எடுத்த சுருக்கக் கோப்புகளைத் திறந்தால் சிஆர்சி பிழை, அதாவது தரவு கெட்டிருக்கிறது. விரித்துப் பார்த்தால் நடுவில் சில படங்கள் பாதிக்குமேல் வண்ணக் கோடுகளாக இருந்தன. சுருக்கும்போதே கெட்டுப்போனவை. எக்ஸ்எம்பியை அணைத்தபின் புதிதாக எடுத்தவை சரியாக இருந்தன, பழையவை போனவை போனவைதான்.

"டிடிஆர்5-இல் பிழையைத் தானே திருத்தும் ஈசிசி இருக்கிறதே" என்று யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன். அது சிப்புக்குள்ளே மட்டும். சிப்பிலிருந்து சிபியூவுக்கு வருகிற வழியில் பிட் புரண்டால் அது பார்க்காது. ஓவர்க்ளாக்கில் கோளாறு பெரும்பாலும் அந்த வழியில்தான் வருகிறது.

கம்பைல் செய்கிறவருக்கு ஒரு அடையாளம் இருக்கிறது. ஒரே கோட், முதல்முறை கம்பைலர் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று செத்துவிழும், மறுபடி ஓட்டினால் சரியாகப் போகும், அல்லது வேறு கோப்பில் சாகும். சில லினக்ஸ் விநியோகங்களில் வரும் ஜிசிசி தானே மறுமுறை முயன்று பார்த்து, பிழை திரும்ப வராவிட்டால் இது ஹார்ட்வேர் அல்லது ஓஎஸ் கோளாறாக இருக்கலாம் என்று சொல்லிவிடும். அதைப் பார்த்தால் கோடைத் தோண்ட வேண்டாம், பயாஸுக்குப் போங்கள்.

புதுப்பலகை:
பயமாக இருக்கிறதே! எதை வைத்துச் சோதிப்பது? மெம்டெஸ்ட்86 போதுமா?

நள்ளிரவு கம்பைலர்:
ஸ்டிக்கே பழுதா என்று பார்க்க அது போதும். ஓவர்க்ளாக்குக்குப் போதாது, ராமை மட்டும் தனியாகக் குடைகிறது, சுற்றிலும் சூடும் இல்லை. டெஸ்ட்மெம்5-ஐ அன்டா777 கான்ஃபிக்கோடு ஓட்டுங்கள், பிறகு ஒய்-க்ரஞ்சர், பிறகு பிரைம்95-இல் லார்ஜ் எஃப்எஃப்டி. ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். "ஆயிரத்தில் ஒன்றுதானே" என்று இதில் கிடையாது.

எல்லாம் தேறிய பிறகு ஜிபியூவையும் முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டே ஒருமுறை சோதியுங்கள். ஜிபியூவின் வெப்பக் காற்று நேராக ராம் மேல்தான் அடிக்கிறது. டி-ரெஃபியை நீட்டியவர்கள் ராம் சோதனையில் தேறிவிட்டு கேமில் விழுவது இதனால்தான்.

சும்மா வந்தவன்:
இவ்வளவுக்கும் எக்ஸ்போவோடு நிறுத்திக்கொண்டால் என்ன?

நானோவினாடி:
ஒன்றும் குறையில்லை. 5200 சிஎல்40-இலிருந்து வருகிறவருக்குப் பெரும்பங்கு லாபம் எக்ஸ்போவிலேயே கிடைத்துவிடும். மிச்சம் நேரமும் ஆசையும் இருப்பவர்களுக்கு. ஆனால் எக்ஸ்போவும் ஓவர்க்ளாக்தான், அதை மறக்கக் கூடாது. 7600-க்கு ஏஎம்டி உத்தரவாதம் தருவது 5200 வரைதான். அதனால் எக்ஸ்போ போட்டாலும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

வோல்டேஜ் பற்றி ஒரு வரி. எஸ்ஓசி வோல்டேஜை (மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) 1.3 வோல்ட்டுக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். 2023-இல் எக்ஸ்3டி சிப்கள் கருகிய விவகாரத்துக்குப் பிறகு ஏஎம்டியே அந்த வரம்பை வைத்தது. பழைய பயாஸ் என்றால் முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

கடைசி பெஞ்ச்:
என்னிடம் 5200 ஸ்டிக் இரண்டு இருக்கிறது. அதே மாதிரி இன்னும் இரண்டு வாங்கி நாலாகப் போட்டால்?

பழைய சிலிக்கான்:
டிடிஆர்4-இல் செய்யலாம். டிடிஆர்5-இல் வேண்டாம். நாலு ஸ்டிக் போட்டால் ரைசன் 7000-க்கு அதிகாரபூர்வ வேகம் 3600 மட்டும். அதைத் தாண்டி ஓட்டுகிறவர்கள் உண்டு, ஆனால் அது தவம். 64 வேண்டுமென்றால் 32 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்குங்கள். அவை பெரும்பாலும் டூயல் ரேங்க், அதாவது சிப்கள் இரண்டு தொகுதியாக இருக்கும், ஒரு ரேங்க் வேலையில் இருக்கும்போது மற்றது பதில் சொல்லும், அதில் கொஞ்சம் கூடுதல் லாபமும் உண்டு.

புதுப்பலகை:
அவசரம்! ஸ்டிக் வந்துவிட்டது. போட்டேன், பயாஸில் எக்ஸ்போ ஆன் செய்து சேமித்தேன். ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பு. மதர்போர்டில் டிராம் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. போய்விட்டதா?

பழைய சிலிக்கான்:
கை வைக்காதே தம்பி. மெமரி டிரெய்னிங் நடக்கிறது, போர்டு ராமோடு சரியாகப் பேசுவதற்கான அளவுகளைத் தேடுகிறது. புது ராம், புது வேகம், சில நிமிடம் எடுக்கும், நடுவில் தானே அணைந்து மறுபடி எழும். பாதியில் பவரை நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்கும்.

புதுப்பலகை:
வந்துவிட்டது! 6000, யூ-க்ளாக் 3000, எஃப்-க்ளாக் 2000 காட்டுகிறது. டெஸ்ட்மெம்5 ஓடிக்கொண்டிருக்கிறது, இதுவரை பிழை இல்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் இப்படித்தான் காத்திருக்க வேண்டுமா?

நானோவினாடி:
வேண்டாம். பயாஸில் மெமரி கான்டெக்ஸ்ட் ரிஸ்டோர் என்று இருக்கும், அதை ஆன் செய்தால் டிரெய்னிங் முடிவை வைத்துக்கொண்டு உடனே எழும். சோதனை முழுவதும் தேறிய பிறகு ஆன் செய்யுங்கள். டைமிங் மாற்றிக்கொண்டிருக்கிற நாட்களில் அது அணைந்தே இருக்கட்டும், இல்லையென்றால் பழைய டிரெய்னிங்கோடு புது டைமிங் ஓடி, எது தப்பு என்றே தெரியாமல் போகும்.